மெக்கானல் பேசியது என்ன, ஓட்டுப் போட்டது என்ன: கவ்ட்ராக் தளத்தில் ஒரு வாரம்

கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் 14 வருஷமாக இருக்கிறேன். எனக்கு இங்கே ஓட்டு உண்டு. அதனால் மிட்ச் மெக்கானல் எனக்கு டிவியில் வந்துபோகிற முகம் மட்டுமில்லை, என் சார்பாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள். 1985 ஜனவரியிலிருந்து அங்கே இருக்கிறார். 2007 முதல் 2025 தொடக்கம் வரை குடியரசுக் கட்சியின் செனட் தலைவராக இருந்தார், செனட் வரலாற்றில் ஒரு கட்சிக்கு இவ்வளவு காலம் தலைமை தாங்கியவர் வேறு யாருமில்லை. அந்தப் பொறுப்பிலிருந்து இறங்கியதும் சொந்தக் கட்சி அதிபரின் நிர்வாகத்தையே வெளிப்படையாக விமர்சிக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊர்த் தமிழ் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்து ஒரு வாரம் சண்டை. "கடைசிக் காலத்திலயாவது மனுஷன் மனசாட்சிப்படி நடக்கறார்"னு ஒரு அண்ணா. "மைக் முன்னாடி ஒண்ணு, ஓட்டுப் போடறப்ப ஒண்ணு, இவரைப் பத்தித் தெரியாதா"னு இன்னொருத்தர். இரண்டு பேருமே அவர் போட்ட ஒரு ஓட்டைக்கூடத் தேடிப் பார்த்தவர்கள் இல்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை. அதனால் நாடாளுமன்ற ஓட்டுகளைத் தொகுத்துக் காட்டும் கவ்ட்ராக் (GovTrack) தளத்தில் உட்கார்ந்து, தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் என்று ஒரு வாரம் அவருடைய ஓட்டுகளைப் புரட்டினேன். அந்தத் தளத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம், மெக்கானல் அதற்கு நான் வைத்த பரீட்சை.

முதலில் தளத்தைப் பற்றிச் சுருக்கமாக. இது அரசாங்கம் நடத்துவதில்லை. 2004ல் ஜோஷுவா டாபரர் என்பவர் தொடங்கியது. இலவசம். செனட்டின் அதிகாரபூர்வத் தளத்திலும் ஒவ்வொரு ஓட்டெடுப்பின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும், ஆனால் அது வெறும் பட்டியல்: பெயர், கட்சி, மாநிலம், ஆம், இல்லை, அவ்வளவுதான். கவ்ட்ராக்கில் அதே தகவல் படிக்கிற மாதிரி வருகிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஓட்டெடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஜனநாயகக் கட்சிக்கு நீலம், குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு என்று நிறம். யாராவது தன் வழக்கத்துக்கு மாறாக ஓட்டுப் போட்டிருந்தால் அந்தப் பெயரைத் தனியாக எடுத்துக் காட்டுவார்கள், எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

நான் முதலில் திறந்தது 2021 பிப்ரவரி 13ஆம் தேதியின் பக்கம். டிரம்ப் மீதான இரண்டாவது பதவிநீக்க விசாரணை, இறுதி ஓட்டு. இந்தப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இருக்காது, குற்றவாளி, குற்றவாளி அல்ல என்றுதான் இருக்கும். குற்றவாளி என்றவர்கள் 57 பேர், அதில் 7 பேர் குடியரசுக் கட்சி. குற்றவாளி அல்ல என்றவர்கள் 43. தண்டிக்க 67 வேண்டும். மெக்கானலின் பெயர் 43ல் இருக்கிறது. இந்த ஓட்டு முடிந்த சில நிமிஷத்தில் அதே அவையில் எழுந்து, ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த தாக்குதலுக்கு நடைமுறையிலும் தார்மீக ரீதியிலும் டிரம்ப்தான் பொறுப்பு என்று பேசினார். பிறகு ஏன் அப்படி ஓட்டுப் போட்டார் என்றால், பதவியை விட்டுப் போனவரை விசாரிக்க செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

இங்கேதான் தேதிவாரியாகப் புரட்டுவதின் பலன் தெரிகிறது. பிப்ரவரி 9ஆம் தேதி பக்கத்துக்குப் போனால், செனட்டுக்கு அதிகாரம் உண்டா என்பதற்கே தனியாக ஓட்டெடுப்பு நடந்திருப்பது தெரியும். 56க்கு 44 என்று, உண்டு என முடிவானது. மெக்கானல் 44ல் ஒருவர். அதற்கும் முன்னால் போனால் ஜனவரி 13, கீழவை டிரம்ப் மீது குற்றம் சாட்டிய நாள். டிரம்ப் பதவியில் இருக்க இன்னும் ஒரு வாரம் பாக்கி, செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் இதே மெக்கானல். அவசரமாக அவையைக் கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சி கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணை பதவிக்காலம் முடிந்த பிறகுதான் தொடங்கியது, அப்புறம் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்பதே விடுதலைக்குக் காரணமாகவும் ஆனது. அந்தப் பேச்சை நான் அன்றே டிவியில் பார்த்தேன், பரவாயில்லையே என்று தோன்றியது. இந்த மூன்று தேதிகளையும் வரிசையாகப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது.

சரி, 2025க்கு வருவோம். வாட்ஸ்அப் அண்ணா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஜனவரி 24, பாதுகாப்புத் துறை அமைச்சராக டிரம்ப் தேர்ந்தெடுத்த பீட் ஹெக்செத்துக்கு செனட்டின் ஒப்புதல் ஓட்டு. 50-50 என்று சமமாகி, துணை அதிபர் வான்ஸ் வந்து தன் ஓட்டைப் போட்டு 51-50 ஆக்கினார். எதிர்த்த மூன்று குடியரசுக் கட்சியினர் காலின்ஸ், முர்கவ்ஸ்கி, மெக்கானல். பிப்ரவரி 12, உளவுத்துறை இயக்குநராக துல்சி கபார்ட், 52-48. மறுநாள் சுகாதாரத் துறைக்கு ராபர்ட் கென்னடி ஜூனியர், அதுவும் 52-48. இந்த இரண்டிலும் குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர் மெக்கானல் ஒருவர்தான். பக்கத்தைத் திறந்தால் நீலப் பெயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. ஏப்ரலில் பாதுகாப்புத் துறையின் கொள்கைப் பொறுப்புக்கு எல்பிரிட்ஜ் கோல்பி வந்தபோதும் கட்சியில் இவர் மட்டும் எதிர்ப்பு.

கென்னடி பல வருஷமாகத் தடுப்பூசிகளைச் சந்தேகித்துப் பேசிவந்தவர், அதனால் அந்த ஓட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1944ல், இரண்டு வயதில் மெக்கானலுக்குப் போலியோ வந்தது. அலபாமாவில் இருந்த குடும்பம். இடது கால் பாதிக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் அதிபர் போலியோ சிகிச்சைக்கென்று உருவாக்கிய வார்ம் ஸ்பிரிங்ஸ் மையம் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் இருந்தது, அவருடைய அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், காலுக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வந்து, இரண்டு வருஷம் வீட்டிலேயே தினம் பல தடவை செய்துவிட்டார். பிள்ளையை நடக்க விடக்கூடாது என்று வேறு உத்தரவு. இரண்டு வயதுக் குழந்தையை நடக்க விடாமல் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது 1955ல்தான். கென்னடிக்கு எதிராக ஓட்டுப் போட்ட அன்று, போலியோவிலிருந்து பிழைத்தவன் நான், தடுப்பூசிகள் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்ததைப் பார்த்தவன் நான் என்றுதான் தன் காரணத்தை எழுதினார். திருச்சியில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொட்டு மருந்து வரிசையில் நின்ற ஆள் நான், இந்த ஒரு ஓட்டுக்காக அவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 20, அவருடைய 83ஆவது பிறந்தநாள். மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அறிவித்த அதே நாளில் எஃப்.பி.ஐ. இயக்குநராகக் காஷ் படேலுக்கு ஓட்டெடுப்பு. 51-49. காலின்ஸும் முர்கவ்ஸ்கியும் எதிர்த்தார்கள். மெக்கானல் ஆதரித்தார். இனிமேல் தேர்தல் பயமே இல்லை என்று ஆன நாளில் போட்ட ஓட்டு இது. குழுவில் இதைப் போட்டதும் அண்ணா கொஞ்ச நேரம் பதில் போடவில்லை.

இப்போது சதவீதக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிபரோடு ஒவ்வொருவரும் எத்தனை சதவீதம் ஒத்துப்போனார்கள் என்று ஃபைவ்தர்ட்டிஎயிட் தளம் ஒரு மதிப்பெண் போட்டது, அந்தத் தளமே 2025 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. மதிப்பெண் பார்ப்பதற்குச் சுலபம். ஆனால் மெக்கானல் மாதிரி அவையின் விதிகளை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவரை அப்படி அளக்கவே முடியாது. கவ்ட்ராக்கில் எனக்குக் கிடைத்த இரண்டு பக்கங்களைச் சொல்கிறேன்.

2017 ஏப்ரல் 6, நீல் கோர்சச்சை உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக்குவதற்கு விவாதத்தை முடித்துவைக்கும் ஓட்டு. 60 வேண்டும், 55 தான் கிடைத்தது. எதிர்த்த 45 பேரில் மெக்கானலின் பெயர்! அந்த நாற்காலியை ஒரு வருஷத்துக்கு மேல் காலியாக வைத்துக் காத்திருந்தவரே இவர்தான், அவர் ஏன் இல்லை என்கிறார்? செனட் விதிப்படி, தோற்ற ஓட்டெடுப்பை மறுபடி கொண்டுவர வேண்டுமானால் வென்ற பக்கத்தில் ஓட்டுப் போட்டவரோ ஓட்டே போடாதவரோதான் கேட்க முடியும். அதனால் தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் பெரும்பான்மைத் தலைவர் தன் ஓட்டை மாற்றிப் போட்டுவிடுவார். அதே நாளில் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கு 60 என்ற விதியையே மாற்றினார்கள், மறுநாள் 54-45 என்று கோர்சச் நீதிபதி ஆனார்.

இரண்டாவது, 2021 மார்ச் 10. மெரிக் கார்லண்ட், 70-30. மெக்கானல்: ஆம். அவசரமாகப் பார்ப்பவர் கார்லண்டை மெக்கானல் ஆதரித்தார் என்று எழுதிவிட்டுப் போகலாம். அது நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு. 2016 மார்ச் 16ல் ஒபாமா அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது என்ன ஓட்டுப் போட்டார் என்று தேடினால் எதுவும் வராது. ஓட்டெடுப்பே நடக்கவில்லை. 293 நாள் அந்த முன்மொழிவு அப்படியே கிடந்து 2017 ஜனவரி 3ல் காலாவதி ஆனது. மெக்கானலின் மொத்த அரசியல் வாழ்க்கையில் நாட்டை இந்த அளவுக்கு மாற்றிய முடிவுகள் மிகக் குறைவு என்பேன், அதற்கு ஓட்டுப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. கோர்சச்சுக்கு இல்லை, கார்லண்டுக்கு ஆம் என்றுதான் பக்கங்கள் காட்டும். இதில் கவ்ட்ராக்கின் தப்பு எதுவும் இல்லை, நடந்த ஓட்டைத்தான் எந்தத் தளமும் காட்ட முடியும். ஆனால் அவைத் தலைமையில் இருக்கிற ஒருவரை எடைபோடும்போது, அவர் அவைக்கு வரவே விடாத விஷயங்களைத் தனியாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறக்குமதி வரி எங்கள் ஊரில் வயிற்றுப் பிரச்சினை. உலகத்து பர்பன் விஸ்கியில் 95 சதவீதம் கென்டக்கியில் தயாராகிறது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. 2025 மார்ச்சில், டிரம்ப் போட்ட இறக்குமதி வரிக்குப் பதிலடியாக, கனடாவின் பல மாகாணங்களில் மதுக்கடை அலமாரிகளிலிருந்து அமெரிக்கப் பாட்டில்களை எடுத்துவிட்டார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் பீப்பாய் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார், ஓக் பலகையை வளைத்து, உள்பக்கம் நெருப்பில் கருக்கி எடுக்கிற வேலை, சட்டையில் எப்போதும் புகை வாசம் இருக்கும். அந்த மாதம் ஓவர்டைம் போயிற்று என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானல் இந்த வரிகளைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார், உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். ஓட்டு என்ன சொல்கிறது? ஏப்ரல் 2, கனடா மீதான வரியை நிறுத்தும் தீர்மானம், 51-48 என்று செனட்டில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்த நான்கு பேரில் இவரும் ஒருவர், கென்டக்கியின் இன்னொரு செனட்டர் ராண்ட் பாலும் இருக்கிறார். பேச்சும் ஓட்டும் ஒன்று, நல்லது. ஏப்ரல் 30, உலக நாடுகள் எல்லாவற்றின் மீதும் போட்ட வரியை எதிர்க்கும் தீர்மானம். 49-49, தோற்றது. மெக்கானல் பெயருக்கு நேராக ஓட்டளிக்கவில்லை என்று இருக்கிறது. அவர் வந்து ஆம் என்றிருந்தால் 50-49.

அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருக்கு 83 வயது, அதற்கு முன் சில தடவை கீழே விழுந்து அடிபட்டிருந்தார், வராததற்கு உள்நோக்கம் கற்பிப்பது நியாயமில்லை. ரோட் ஐலண்ட் மாநில செனட்டர் ஷெல்டன் வைட்ஹவுஸும் அன்று இல்லை. வராதவர் ஏன் வரவில்லை என்று பதிவேடு சொல்லாது, வரவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அக்டோபர் கடைசியில் பிரேசில், கனடா, உலக வரி என்று மூன்று தீர்மானங்கள் அடுத்தடுத்த நாளில் வந்தன, மூன்றுமே செனட்டில் நிறைவேறின, மூன்றுக்கும் ஆம் என்று போட்டார். அதையும் பார்த்த பிறகுதான் ஏப்ரல் 30ஐப் பற்றி மனசு கொஞ்சம் ஆறியது. ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன், அந்த விஷயத்தில் அடுத்து வந்த ஓட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜூலையில் ஏறக்குறைய 900 கோடி டாலர் வெட்டு மசோதா வந்தது, வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்பும் அடிவாங்கியது அதில்தான். ஜூலை 15, மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் ஓட்டில் மெக்கானல் இல்லை என்றார், எந்தத் திட்டத்தில் எவ்வளவு வெட்டு என்ற விவரம் தராமல் நிர்வாகம் வெற்றுக் காசோலை கேட்கிறது என்பது அவர் வாதம். ஜூலை 17 அதிகாலை இறுதி ஓட்டு, 51-48. ஆம் என்றார். இரண்டு நாளில் அவர் கேட்ட விவரம் வந்து சேர்ந்ததா? முதல் ஓட்டு நடந்த அன்று செய்தியைப் படித்தவர்களுக்கு அவர் எதிர்த்ததுதான் நினைவில் நிற்கும், எனக்கும் அப்படித்தான் நின்றிருந்தது.

அதே மாதம் 1ஆம் தேதி பெரிய வரி மசோதா 51-50ல் நிறைவேறியதில் அவர் ஆம். ராண்ட் பால் இல்லை. அந்த மசோதா வெட்டிய மெடிக்கெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை, நம்பியிருக்கிற கிராமத்து ஆஸ்பத்திரிகள் இந்த மாநிலத்தில் எத்தனை என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தளத்தின் போதாமைகள் என்றால், முதல் விஷயம் ஓட்டெடுப்புகளின் பெயர். மசோதாவை எடுக்கலாமா என்பதற்கு ஒரு ஓட்டு, விவாதத்தை முடிக்கலாமா என்பதற்கு ஒன்று, திருத்தங்களுக்குத் தனித்தனியாக, கடைசியில் மசோதாவுக்கு. செனட் வைக்கும் பெயர்களையே போடுகிறார்கள், வேறு வழியில்லைதான், ஆனால் புதிதாக வருபவருக்கு எது கடைசி ஓட்டு என்று புரியக் கொஞ்ச நாள் ஆகும். அடுத்தது, அவர் பேசியது ஓட்டுக்குப் பக்கத்தில் இருக்காது. பேச்சுக்கு அவருடைய சொந்தத் தளத்துக்கோ நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புக்கோ போக வேண்டும். நான் ஒரு நோட்டில் இடது பக்கம் பேச்சு, வலது பக்கம் ஓட்டு என்று தேதி போட்டு எழுதிக்கொண்டேன், அதற்கு அப்புறம்தான் எனக்கே தெளிவானது. இன்னொன்று, குரல் ஓட்டில் நிறைவேறுகிற எதற்கும் பெயர்ப்பட்டியல் கிடையாது. வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கேட்டால் பெயர்வாரியாகப் பதிய வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது, கேட்காவிட்டால் இல்லை.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம்ம எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார்னு இதே மாதிரி பாக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். இந்திய நாடாளுமன்றத்தின் வேலைகளைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். தளம் இருக்கிறது, வருகைப்பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதா எல்லாம் அருமையாகக் கொடுக்கிறார்கள். ஓட்டு இருக்காது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டிலேயே போய்விடுகின்றன, தவிர 1985ன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். மெக்கானல் கபார்டுக்கு எதிராகத் தனியாக நின்ற மாதிரி நம்ம எம்.பி. ஒருவர் நிற்பது அவ்வளவு சுலபமில்லை. "அப்ப நம்ம ஆள் மனசுல என்ன இருக்குன்னு தெரியவே தெரியாதா?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மார்க் கேட்டால் 5க்கு 4 கொடுப்பேன். அமெரிக்காவில் ஓட்டுரிமை உள்ள தமிழர்கள் கட்டாயம் ஒரு தடவை உங்கள் மாநில செனட்டர் இரண்டு பேரின் பக்கங்களையும் திறந்து பாருங்கள். மின்னஞ்சல் அறிவிப்பும் இலவசம், ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால் அவர் ஓட்டுப் போடப் போட நமக்குத் தகவல் வந்துகொண்டிருக்கும். ஒரு மாநிலத்தின் பழைய ஓட்டுகளை ஆராய விரும்புகிறவர்கள் வோட்வியூ தளத்தையும் பார்க்கலாம், முதல் நாடாளுமன்றம் வரைக்கும் போகும்.

நான் இரண்டு அறிவிப்பு வைத்திருக்கிறேன், மெக்கானலுக்கு ஒன்று, ராண்ட் பாலுக்கு ஒன்று. மெக்கானலின் பதவிக்காலம் 2027 ஜனவரி 3ஆம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வருபவர் யாராக இருந்தாலும், நோட்டில் இடது பக்கமும் வலது பக்கமும் கோடு போட்டு வைத்தாயிற்று.